கிடாருக்குத் தண்ணீர் வைத்தியம்

லூர்துநாதனுக்குக் கைவிரல்கள் பத்து. சனிக்கிழமை காலை நிலவரப்படி அவற்றில் ஆறு வேலை செய்தன. மீதி நான்கிலும் மனைவி அற்புதமேரி தன் பழைய சேலையைக் கிழித்துக் கட்டுப் போட்டிருந்தாள்.

நான்கும் இடது கை விரல்கள். பேஸ் கிடார் வாசிப்பவனுக்குத் தந்தியை அழுத்திப் பிடிக்க வேண்டியவையும் அந்த நான்குதான்.

"அருவாமனையில பட்டுச்சான்னு பக்கத்து வீட்டுல கேக்குறாங்க" என்றாள், கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டே.

"நீ என்ன சொன்ன?"

"சங்கீதம்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"மஞ்சப் பத்துப் போடச் சொன்னாங்க."

நடுவில் வந்து உட்காருகிறவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிவிடலாம். எல்லாம் தெரிந்தவர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிப் போனாலும் நாம் கோபித்துக்கொள்வதாக இல்லை.

ஆவூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் கடலை போடுகிறவர் ஆரோக்கியமுத்து. மனைவி காலமாகி நாலு வருஷம். ஒரே மகள் அற்புதமேரி. அவளைப் பிரிய மனமில்லாமல் வீட்டோடு ஒரு மாப்பிள்ளை தேடினார்; லூர்துநாதன் அகப்பட்டான். அவன் 'லீவு வேகன்சி' வாத்தியார். அதாவது, சுற்று வட்டாரத்தில் ஏதாவது டீச்சரம்மாவுக்குக் குழந்தை பிறந்தால் இவனுக்கு வேலை பிறக்கும். ஒரு வருஷம் இங்கே இருந்துவிட்டுத் தனிக்குடித்தனம் போகலாம் என்று கல்யாணத்தின்போது பேச்சு. அந்த ஒரு வருஷத்துக்கு இப்போது மூன்று வயது.

இடையில், திருச்சியில் மெல்லிசைக் குழு நடத்தும் சவேரிமுத்து மாஸ்டரின் கண்ணில், ஒரு திருவிழாவில் இரவல் கிடார் வாசித்துக்கொண்டிருந்த லூர்துநாதன் பட்டான். குழுவில் பேஸ் வாசித்தவர் மதராசுக்குப் போய்விட்டார்; போகும்போது வாத்தியத்தையும் கொண்டுபோய்விட்டார். "சொந்த வாத்தியத்தோட வா. சித்திரைக் கடைசி ஞாயிறு புதுக்கோட்டையில ஒரு கல்யாணக் கச்சேரி. வாசிச்சுக் காட்டு. தேறுனா வேலை. பாலக்கரையில என் வீட்டு மாடி ரூமும் உனக்குத்தான்" என்றார் மாஸ்டர். கல்கத்தாவில் இருக்கும் அண்ணன், தை மாதத்தில் ஒரு புத்தம்புதுப் பேஸ் கிடாரை ரயிலேற்றி அனுப்பிவைத்தான்.

வந்தபோது கழுத்து வழவழவென்றுதான் இருந்தது. அதன்மேல் ஒட்டிய பலகையில், வீணையில் இருப்பதுபோலக் குறுக்கே இருபது மெட்டுக் கம்பிகள். மூன்று மாதம் எங்கள் பக்கத்து வெயிலைப் பார்த்ததும், ஒவ்வொரு கம்பியும் இரண்டு ஓரங்களிலும் பலகையைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. ஆக நாற்பது முனைகள். கழுத்தில் கையை ஓட்டுவது ரம்பத்தில் கையை ஓட்டுவது மாதிரி.

போன வாரம் லூர்துநாதன் அதைத் தச்சரிடம் கொண்டுபோனான். "இது கம்பி வேலை" என்றார். கொல்லரிடம் கொண்டுபோனான். "இது மர வேலை" என்றார். புதுக்கோட்டையில் நகைப் பத்தர் ஒருவர் கண்ணில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "இது தங்கமில்லை" என்றார்.

கச்சேரி நாளைக்கு.

*

அந்த ஊருக்குக் கரண்ட்டு மாதா கோயில் வரைக்கும்தான் வந்திருந்தது. பேஸ் கிடாரோ கரண்ட்டு இருந்தால் மட்டுமே வாயைத் திறக்கும் ஜாதி. ஆகவே அதன் ஓசையை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. சாதகம் நடக்கும்போது அவர்கள் கேட்டதெல்லாம், கை மேலே போகையில் ஒரு "ஸ்ஸ்", கீழே வருகையில் ஒரு "அம்மா".

மாமனாரும் மாப்பிள்ளையும் மூன்று வருஷத்தில் பேசிக்கொண்டதைத் தொகுத்தால் ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். சாப்பிட்டீங்களா மாப்ள. சாப்பிட்டேங்க மாமா. மழை வருமா மாப்ள. தெரியலீங்க மாமா. அப்படிப்பட்ட ஆரோக்கியமுத்து, சனிக்கிழமை காலை கட்டிலருகே வந்து குத்தவைத்து உட்கார்ந்ததும் லூர்துநாதன் பதறி எழுந்து நின்றான்.

"ஒக்காருங்க மாப்ள. ரொம்ப வலிக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மாமா."

"கட்டுக்கு மேல ரத்தம் கசியுதே."

"அது பழைய ரத்தங்க."

ஆரோக்கியமுத்து கிடாரின் கழுத்தைக் கட்டை விரலால் ஒரு தடவு தடவினார். விரலை எடுத்துப் பார்த்துக்கொண்டார். மறுபடி தடவினார்.

"என்ன செய்யப்போறீங்க?"

"இலுப்பூர்ல சைக்கிள் கடை அய்யாக்கண்ணுகிட்ட பொடி அரம் இருக்காம். வாங்கிட்டு வந்து முனையெல்லாம் ராவிவிடலாம்னு இருக்கேன். அரை மணி நேர வேலைதான்னு சொல்லிவிட்டாரு."

"கம்பியயா ராவப்போறீங்க?"

"ஆமாங்க. அதுதானே நீட்டிக்கிட்டு நிக்குது."

"கம்பி எங்க மாப்ள வளந்துச்சு? கட்டையில்ல சுருங்கியிருக்கு."

லூர்துநாதன் கட்டையைப் பார்த்தான். கல்கத்தாவில் அந்தக் கிடாரைச் செய்தவன் பக்கத்தில் இருந்திருந்தால் ஆரோக்கியமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பான். ஈரக் காற்றில் செய்த கட்டை சித்திரை வெயிலில் வற்றிச் சுருங்கிவிட்டது. கம்பிக்குச் சுருங்கத் தெரியவில்லை. மூன்று நிபுணர்களுக்குப் பிடிபடாத நோய், பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காத ஒரு கடலைக்காரருக்கு இரண்டு தடவலில் பிடிபட்டுவிட்டது. கஷ்டம் என்னவென்றால், நோயைச் சரியாகச் சொன்னவருக்கு மருந்தும் தெரிந்திருக்கும் என்று எல்லாருமே நினைத்துவிடுகிறோம். அவர் உட்பட.

"நீங்க சொல்றது சரிதாங்க மாமா" என்றான் லூர்துநாதன். மூன்று வருஷத்தில் அவன் அப்படி மனதாரச் சொன்னது முதல் தடவை. ஆரோக்கியமுத்துவின் காது சிவந்துபோனது.

"போயிட்டு வாங்க. இது இங்கனயே இருக்கட்டும்."

அதை அவன் எடுத்துப்போவதாகவும் இல்லை. போன வாரம் வெள்ளை வேட்டியில் சுற்றிப் பஸ்ஸில் ஏற்றியபோது கண்டக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "சின்ன வயசா?" என்று மெதுவாகத் துக்கம் விசாரித்தார்.

*

அற்புதமேரி கடலைக் காட்டில் ஆட்களுக்குக் கஞ்சி ஊற்றிவிட்டு வீடு திரும்ப உச்சிப்பொழுது ஆகிவிட்டது. வழியெல்லாம் அவள் பாலக்கரை மாடி ரூமில் சாமான் அடுக்கிக்கொண்டே வந்தாள். தண்ணீர்க் குடம் எந்த மூலையில், விறகு எந்த மூலையில். அந்த ரூமை அவள் பார்த்ததில்லை. மூலை நான்கு இருக்கும் என்ற அளவில் தைரியமாக இருந்தாள். அங்கே அடுப்பு அவளுடையதாக இருக்கும். உப்புக் கூடிப்போனாலும் "ஒங்காத்தா இம்புட்டுப் போடமாட்டா" என்று சொல்ல ஆள் இருக்காது.

கொல்லையில் இரண்டு மாடுகளும் தண்ணீர்த் தொட்டியைவிட்டு நாலு அடி தள்ளி நின்று தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தன.

தொட்டிக்கு மேலே வேப்பங்கிளையிலிருந்து ஒரு தாம்புக்கயிறு தொங்கியது. கயிற்றின் நுனியில் பேஸ் கிடார் தலைகீழாகத் தொங்கியது. உடம்பு மேலே, கழுத்து முழுக்கத் தண்ணீருக்குள். உடம்பைச் சுற்றி ஆரோக்கியமுத்துவின் புதுத் துண்டு.

அவள் கையிலிருந்த கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தாள்.

"என்னப்பா இது?"

"ஊறுது" என்றார் ஆரோக்கியமுத்து.

"ஏன் ஊறுது?"

"என்ன ஆத்தா இப்படிக் கேக்குற? கோடையில வண்டிச் சக்கரம் சுருங்கி இரும்புப் பட்டா கழண்டா என்ன செய்வோம்? பட்டாவையா ராவுறோம்? சக்கரத்தக் கொளத்துல போடுறோம். கட்டை ஊறிப் பெருத்துப் பட்டாவக் கப்புனு புடிச்சுக்கிருது. இதுவும் கட்டை, அதுவும் கட்டை."

"அதுல கரண்ட்டு சாமானெல்லாம் இருக்குப்பா!"

"தெரியும். அதான் ஒடம்புல ஒரு சொட்டுப் படாமக் கட்டித் தூக்கியிருக்கேன். துண்டு எதுக்குச் சுத்தியிருக்கேன்னு நெனச்ச?"

"எப்பப் போட்டீங்க?"

"மாப்ள பஸ்ஸு ஏறுனதும்."

அற்புதமேரி கிடாரைத் தூக்கி வெளியே எடுத்துவிடலாம் என்று இரண்டடி வைத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். அம்மா போன நாளிலிருந்து இப்படி ஒரு முகத்தை அவள் பார்த்ததில்லை. மருமகனுக்காக, அதுவும் மகளைத் திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிற மருமகனுக்காக, மனிதர் வெயிலில் நின்று ஒரு வேலை செய்திருக்கிறார். இதைத் தட்டிவிட்டால் அடுத்த தபால் கார்டு எழுத இன்னும் எத்தனை வருஷமாகுமோ? அதுவும் போக, அவளும் அந்த ஊர்க்காரிதான். சக்கரம் ஊறி இறுகியதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவள்.

"தொட்டுப் பாரேன்" என்றார் அவர்.

அவள் தண்ணீருக்குள் கையை விட்டாள். கழுத்தின் ஓரமாக மேலிருந்து கீழ்வரை ஓட்டினாள். கீழிருந்து மேல்வரை ஓட்டினாள்.

முனைகள் இல்லை. நாற்பதில் ஒன்றுகூட இல்லை.

"அப்பா!" என்றாள்.

"சொன்னேன்ல?"

*

லூர்துநாதன் மூன்று மணிக்கு வந்தான். அய்யாக்கண்ணு அரத்தை அன்னவாசலில் பம்புசெட்டு மெக்கானிக்கிடம் கொடுத்திருந்தார். அன்னவாசலில் மெக்கானிக் சாப்பிடப் போயிருந்தார். சாப்பிட்டவர் படுத்திருந்தார். எழுந்தவர் ஒரு மணி நேரம் தேடி, தன் தலையணைக்கடியிலிருந்தே அரத்தை எடுத்துக் கொடுத்தார். லூர்துநாதன் அதைச் சட்டைப் பையில் குத்தாமல் பிடித்துக்கொண்டு, நின்றபடியே இரண்டு பஸ் மாறி வந்திருந்தான்.

வந்தபோது மனைவியும் மாமனாரும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கிடாரைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் அப்படி ஒரு காட்சிக்குப் பழக்கமில்லாததால் அவன் முற்றத்திலேயே நின்றான்.

"வாங்க மாப்ள. கண்ணை மூடிக்கிட்டுக் கையை வைங்க."

வைத்தான். ஓட்டினான். கண்ணைத் திறந்தான். கட்டுப் போட்ட நான்கு விரல்களாலும் மறுபடி ஓட்டினான். பட்டுமாதிரி போய்ப் பட்டுமாதிரி வந்தது.

"மாமா!" என்றான். "எப்படிங்க மாமா?"

"தண்ணி" என்றார் ஆரோக்கியமுத்து, வேறுபக்கம் பார்த்துக்கொண்டு.

லூர்துநாதனுக்கு அந்த ஒரு சொல்லில் சிலது விளங்கியது. எல்லாம் விளங்குவதற்குள் சந்தோஷம் முந்திக்கொண்டது. தந்திகள் தளர்ந்து கிடந்தன. நாளைக் கச்சேரி கண்ணில் தெரிந்தது. மடியில் வைத்துக்கொண்டு, நான்கில் கனத்த தந்தியின் சாவியைத் திருகினான். ஒரு சுற்று. இரண்டு சுற்று. அற்புதமேரி அவன் முகத்தையே பார்த்தாள். மூன்றாம் சுற்றில் கழுத்துக்குள்ளிருந்து, ஈரக் கதவு திறப்பதுபோல ஒரு சத்தம்.

மெட்டுப் பலகை கழுத்தைவிட்டு எழுந்தது. அவசரமே இல்லாமல், சபையில் வணக்கம் சொல்லிவிட்டு விடைபெறும் பெரிய மனிதரைப்போல எழுந்தது. இருபது கம்பிகளும் அதனோடு எழுந்தன. இடுக்கிலிருந்து தேன் நிறத்தில் ஒரு கொழகொழப்பு இறங்கி லூர்துநாதனின் வேட்டியில் சொட்டியது.

மாடுகூட அசைபோடுவதை நிறுத்தியது.

லூர்துநாதன் பலகையைப் பார்த்தான். மாமனாரைப் பார்த்தான். மாமனார் அவனைப் பார்த்தார். உண்டு உறங்கும் வீட்டில், உண்ணவும் உறங்கவும் இடம் தந்தவரிடம் கோபப்படுவது எப்படி என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

"ரொம்ப வழவழன்னு இருக்குங்க மாமா" என்றான்.

*

அதற்குப்பின் மூன்று பேரும் தங்களால் ஆனதைச் செய்தார்கள். அற்புதமேரி சோற்றுப் பசை கிண்டினாள். பசை பலகையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒட்டியது. ஆரோக்கியமுத்து நல்ல சணல் கயிறாகப் பார்த்து எடுத்துவந்து, "இறுக்கிக் கட்டிரலாமா மாப்ள? ஏர்க்காலு ஒடஞ்சா அப்படித்தான் கட்டுவோம்" என்றார். "கட்டலாங்க மாமா. கட்டுனா வாசிக்க முடியாதுங்க" என்றான் லூர்துநாதன். பிறகு காயட்டும் என்று வெயிலில் வைத்தார்கள். ஐந்து மணிக்குப் பலகை காய்ந்தது. காய்ந்த வேகத்தில் வாழைமட்டைபோல வளைந்தும்விட்டது. கம்பி முனைகள் நாற்பதும் ஒன்று குறையாமல் மறுபடி வெளியே வந்திருந்தன.

லூர்துநாதன் சட்டைப் பையிலிருந்து அரத்தை எடுத்துப் பார்த்தான். இதுவரை அவன் கையில் பிடித்த கருவிகளிலேயே அதுதான் நல்ல நிலைமையில் இருந்தது. அதைக் கட்டிலில் வைத்துவிட்டு முகம் கழுவக் கிணற்றுப் பக்கம் போனான். வெகுநேரம் வாளிச் சத்தம் கேட்கவில்லை.

ஆரோக்கியமுத்து தொட்டித் தண்ணீரை இறைத்துக் கொட்டிக்கொண்டிருந்தார். வார்னீஷ் நாற்றத்துக்கு மாடுகள் வாய்வைக்க மறுத்துவிட்டன. அற்புதமேரி அவருக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அப்பா, அந்தப் பலகைய எதுல ஒட்டியிருந்தான்?"

"யாருக்குத் தெரியும்?"

"வஜ்ஜிரப் பசையில. வாசமே சொல்லுது."

"இருக்கும்."

"வருசா வருசம் தேருக்கு முன்னாடி நம்ம கோயில் சம்மனசுக்கு றெக்கை ஒட்டுறது யாரு?"

தேரில் நிற்கும் மரத் தேவதூதரைத்தான் சொன்னாள். ஆரோக்கியமுத்து வாளியை முங்கவிட்டார்.

"நீங்கதான? வஜ்ஜிரத்தைத் தண்ணியில ஊறப்போட்டுக் காச்சி எளக்குவீங்க. நாந்தான் சட்டியப் புடிப்பேன். 'மழையில நனைஞ்சா றெக்கை வந்துரும்'னு சொல்லிச் சொல்லி, தேரு சுத்துறப்ப சம்மனசுக்கு மட்டும் குடை புடிக்கச் சொல்லுவீங்க."

"நெனப்பு வரல ஆத்தா."

"ஒடம்புல தண்ணி படக்கூடாதுன்னு மட்டும் நெனப்பு வந்துச்சா?"

"கம்பி உள்ள போகணும்னுதான் போட்டேன். மாதா மேல சத்தியமா அதுக்குத்தான் போட்டேன்."

"நம்புறேன்" என்றாள். "வஜ்ஜிரம் விட்டுரும்னு நெனப்பு வந்திருந்தா, போட்டிருக்க மாட்டீங்களா?"

ஆரோக்கியமுத்து வாளியைத் தூக்கினார், அது காலியாக வந்தது. அதைக் கவனிக்காமலே கவிழ்த்துக் கொட்டினார்.

அற்புதமேரி உள்ளே போய்விட்டாள்.

லூர்துநாதன் வந்து பார்த்தபோது அவள் தன் அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்துவைத்துச் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சேலைக்கு மேலே பித்தளைச் செம்பு. செம்புக்குள் கரண்டி.

"என்ன பண்ற?"

"காலையில மொத பஸ்ஸுக்கு நானும் வாரேன்."

"எதுக்கு? வாத்தியமே இல்ல. மாஸ்டர் மொகத்துல எப்படி முழிப்பேன்னு நானே முழிச்சுக்கிட்டு இருக்கேன்."

"நீங்க ஒருத்தரா முழிக்க வேணாம். ரெண்டு பேரும் முழிப்போம்."

"அவரு வாத்தியத்தோட வரச் சொன்னாரு, மேரி."

"வேற எங்கயாச்சும் ஒண்ணு எரவல் கெடைக்காதா? ஒலகத்துல அது ஒண்ணுதானா இருக்கு? வாசிச்சுக் காட்டிட்டு, அப்படியே திருச்சிக்குப் போயிருவோம். தேறலேன்னா அங்கனயே வேற வேலை தேடுங்க. டீச்சரம்மாக்க திருச்சியிலயும் புள்ள பெறுவாங்க."

அவன் சிரிக்க முயன்றான். "மாமாகிட்டச் சொல்லிட்டியா?"

"அவரு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். அப்புறம் நான் சொல்றேன்."

பெட்டியை மூடினாள். மூடிமேல் முழங்காலை வைத்து அழுத்திக் கொண்டியை மாட்டினாள். விடியுமுன் கிளம்ப வசதியாக அதை வாசல் பக்கம் நகர்த்தப் பார்த்தாள், அசையவில்லை. லூர்துநாதன் ஒரு பக்கம் பிடித்தான். விரல் கட்டுகள் நழுவி, பெட்டி பொத்தென்று விழுந்தது.

சத்தம் கேட்டு ஆரோக்கியமுத்து கொல்லைக் கதவைத் தாண்டி வந்தார். கையில் இன்னும் ஈரம். பெட்டியைப் பார்த்தார். மகளைப் பார்க்கவில்லை. குனிந்து, ஒரே மூச்சில் அதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

"குடுங்க மாமா, நான்..." என்று லூர்துநாதன் ஓரடி வைத்துவிட்டு நின்றான்.

வீட்டு நடையின் நடுவுக்கு வந்தார். நேரே போனால் வாசல். வெளியே, பஸ்ஸுக்குக் கொண்டுபோய்விட மாட்டு வண்டி. வலது பக்கம் கடலை மூட்டை அடுக்கும் உள்ளறை. அதன் பூட்டுச் சாவி அவர் அரைஞாணில்.

அங்கே நின்றார். தலையில் பாரம் இருப்பதால் முகம் திரும்பவில்லை. அற்புதமேரி அவருடைய பாதங்களைப் பார்த்தாள், எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று. அவை அப்படியே நின்றன. பெட்டிக்குள் செம்பும் கரண்டியும் மட்டும் இடித்துக்கொண்டே இருந்தன. சுமப்பவரின் கழுத்து நடுங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, எங்கிட்டுக் கொண்டு போறீங்க?" என்றாள்.